கட்டம் போட்ட அண்ணன்

அந்தக் குழுவில் அவளுக்குப் பெயர் தங்கச்சி. அண்ணன் ஒருமுறை அவளைக் கூட்டிக்கொண்டு வந்து, "இது என் தங்கச்சி, நல்லா ஆடும்" என்று அறிமுகம் செய்ததோடு சரி. அதற்குப் பிறகு அவளைவிட வயதில் சின்னவர்கள்கூட அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். அண்ணனுக்கு அங்கே கொள்கைக்குன்று என்று பெயர். கிண்டலாக வைத்த பெயர்தான். நாளடைவில் அண்ணனுக்கு அது பிடித்துப்போய், தன் படத்துக்குக் கீழேயே எழுதி வைத்துக்கொண்டான்.

குழு என்றதும் பெரிய கூட்டத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்ட கணினியில் விளையாட்டு ஆடுகிற கொஞ்சம் பேர், வாரத்துக்கு ஒருநாள் மாலை இணையத்தில் குரல் வழியாகக் கூடி அரட்டை அடிக்கிற இடம். விளையாட்டு தயாரிக்கிறவர்கள் பெரும்பாலும் விண்டோஸுக்குத்தான் தயாரிக்கிறார்கள். லினக்ஸ்காரர்கள் பின்வரிசையில் நின்று எட்டிப் பார்க்க வேண்டியதுதான். எப்போதாவது ஒரு நிறுவனம் மனமிரங்கி, இதே விளையாட்டை லினக்ஸுக்கும் மாற்றித் தரும். அதற்குப் போர்ட் என்று பெயர். அடுத்தவனுக்குத் தைத்த சட்டையைப் பிரித்து இன்னொருவனுக்குத் தைப்பது போன்ற வேலை. அதனால்தான் 'கரைவிளக்கு' என்ற விளையாட்டை அவர்களுக்காக மாற்றிக் கொடுத்த மனிதரைக் குழுவில் தையல்காரர் என்று மரியாதையாக அழைத்தார்கள். நிறுவனம் கூலிக்கு அமர்த்திய ஒற்றை ஆள் அவர்.

கரைவிளக்கு இரண்டு பேர் ஆடுகிற விளையாட்டு. ஒருவர் கரையில் விளக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் படகோட்ட வேண்டும். படகு திரும்பி வரும்போது கரையில் இருப்பவர் கயிறு வீசவேண்டும். வீசாவிட்டால் படகு அலையில் அடித்துக்கொண்டு போய்விடும். அவள் கரை, அண்ணன் படகு. அம்மா போன பிறகு அண்ணன் கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊருக்குக் குடிபோய்விட்டான். பிறகு இருவருக்கும் மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமை காலையும் இந்தக் கயிறும்தான். நல்லது கெட்டது எல்லாம் படகு போய்த் திரும்புகிற இடைவெளியில் பேசி முடிப்பார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நிறுவனம் 'வெளிக்கடல்' என்று ஒரு இணைப்பை வெளியிட்டது. தனியாகக் காசு கொடுத்து இறக்கிக்கொள்ள வேண்டிய புதுப் பகுதி. விண்டோஸுக்கு மட்டும். லினக்ஸைப் பற்றிக் கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார்கள். இந்தப் பருவம் முழுக்க லினக்ஸ் பதிப்பை எத்தனை பேர் ஆடுகிறார்கள், எவ்வளவு புகார் வருகிறது என்று பார்ப்பார்களாம். தேறினால் வெளிக்கடல் உண்டு. தேறாவிட்டால் இருக்கிற போர்ட்டையும் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் அவளுடைய ஞாயிற்றுக்கிழமை போச்சு. அந்தச் செய்தியைப் படித்த அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அன்றைய கூட்டத்தில் குழு கொதித்தது.

"கட்டில் வாங்கினா காலைத் தனியாவா விப்பாங்க?" என்றார் தள்ளுபடி. வாகனம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மனிதர். தள்ளுபடி விலை வருகிற வரைக்கும் எதையும் வாங்கமாட்டார் என்பதால் அந்தப் பெயர். "முழு விளையாட்டு ஒரு விலை. இந்த ஒட்டு கிட்டத்தட்ட அதே விலை. அடுத்தது தலகாணிக்குத் தனியா கேப்பான்."

"முதல்ல நமக்குக் குடுக்கட்டும் மாமா. விலையை அப்புறம் பேசலாம்" என்றாள் அவள்.

"குடுக்கிறதுக்கு முன்னாடியே பேரம் பேசினாத்தாம்மா எனக்குத் தூக்கம் வரும்."

அப்போது அண்ணன் தொண்டையைச் செருமினான். அவன் செருமினால் மற்றவர்கள் அடங்கிவிடுவார்கள். "நமக்குன்னு செய்யாததை நாம தொடக் கூடாது. இதுதான் என் கட்சி. விண்டோஸ் பதிப்பையே லினக்ஸுக்குள்ள தந்திரமா ஓட்டிரலாம்னு சில பேர் கிளம்புவீங்க. அப்படி ஓட்டினா அது விண்டோஸ் கணக்குலதான் சேரும். நம்ம குழியை நாமே வெட்டிக்கிறதுக்குச் சமம். அதனால வெளிக்கடல் நமக்கு வர்ற வரைக்கும் ஒருத்தரும் அதை வாங்கக் கூடாது. தினமும் நம்ம பதிப்பைத் திறந்து ஆடணும். பிழை இருந்தா ஒழுங்கா எழுதிக் குடுக்கணும். வந்த அன்னைக்கே முழு விலைக்கு வாங்கணும். மாமா, நீங்களும்தான்."

தள்ளுபடி பெருமூச்சு விட்டார். "என் வாழ்க்கையில முதல் தடவையா முழு விலை. சரி. குன்று சொன்னா கேட்டுக்க வேண்டியதுதான்."

எல்லோரும் வாக்குக் கொடுத்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு அண்ணன் அவளிடம் மட்டும் சொன்னான்: "வெளிக்கடலோட கடைசி விளக்கை நாம ரெண்டு பேரும்தான் ஏத்தணும். வேற யார்கூடவும் போகாதே." அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள் போவதற்கு? ஆனாலும் அப்படி அவன் சொன்னது இனித்தது.

அவள் வேலை பல் கட்டும் கூடத்தில். பல் மருத்துவர்கள் அனுப்புகிற அச்சில் சாந்து ஊற்றி, மெழுகில் பல்லைச் செதுக்கி, பீங்கானில் சுட்டு எடுக்க வேண்டும். மயிரிழை உயரம் கூடினாலும் கடிக்கும்போது உறுத்தும், திருப்பி அனுப்பிவிடுவார்கள். நாள் முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்தால் மணிக்கட்டு விண்விண் என்று தெறிக்கும். அந்தக் கையோடுதான் தினமும் கரைவிளக்கைத் திறந்து ஆடினாள். அண்ணன் வராவிட்டால் என்ன, விளக்குக்கு எண்ணெய் ஊற்றினாலும், வழிதவறி வருகிற யாரோ ஒருவர் படகுக்குக் கயிறு வீசினாலும் கணக்கில் ஏறும் அல்லவா? ஒரு போராட்டத்துக்குப் போகிறவள் மாதிரி ஆடினாள். ஆட்டத்தில் அவளுக்குச் சந்தோஷம் இருந்ததா என்று கேட்டால் நேர்மையான பதில் கிடைக்காது.

கூடத்தின் முதலாளி புது இயந்திரம் வாங்கியபோது பழைய விண்டோஸ் கணினியை, "எடுத்துட்டுப் போறியாம்மா? விளையாட்டுப் பைத்தியமாமே நீ" என்று கேட்டார். அவள் வீட்டில் இருந்ததைவிட எவ்வளவோ மேல். வேண்டாம் என்றுவிட்டாள். மெழுகு வேலை பார்க்கிற அக்கா அதை அள்ளிக்கொண்டு போனாள். "கிறுக்கா உனக்கு?" என்று அக்கா கேட்டதற்கு, "எங்க அண்ணன் போட்டுக் குடுத்த லினக்ஸ் இருக்குக்கா. அது போதும்" என்றாள். உள்ளபடியே பெருமையாகத்தான் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திரையில் அண்ணன் படகோடு வந்தபோது அவள் திடுக்கிட்டாள். முகம் இருந்தது, தொப்பி இருந்தது, கழுத்துக்குக் கீழே முழங்கால் வரை இளஞ்சிவப்பும் கறுப்புமாகக் கட்டம் கட்டமாக இருந்தது. ஒரு பொருளின் மேல்தோற்றம் எங்கே இருக்கிறது என்று விளையாட்டுக்குத் தெரியாவிட்டால் அந்த இடத்தில் இப்படிக் கட்டம் போட்டு நிரப்பிவிடும். விளையாடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த அசிங்கம் அது.

"அண்ணா, உன் உடம்பெல்லாம் கட்டமா தெரியுது" என்று சிரித்தாள்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "உன் கிராபிக்ஸ் கார்டு பழசு. டிரைவர் கோளாறா இருக்கும். கண்டுக்காதே" என்றான். அன்றைக்கு அவசர வேலை என்று பாதியிலேயே போய்விட்டான். அடுத்த ஞாயிறும் வரவில்லை. அலுவலகத்தில் தலைக்கு மேல் வேலையாம்.

கண்டுகொள்ளாமல் இருக்கிற ஆளா அவள்? மயிரிழை வித்தியாசத்துக்குப் பல்லை உடைத்துவிட்டு மறுபடியும் செதுக்குகிறவள். அதோடு ஒரு பயமும் சேர்ந்துகொண்டது. பருவம் முடிகிற நேரத்தில் போர்ட்டில் இப்படி ஒரு பிழை இருந்தால், நிறுவனத்துக்கு அது ஒன்றே சாக்காகப் போதும். மறைத்து வைத்தாலும் வேறு யாராவது கண்டுபிடித்துக் கத்துவார்கள். நாமே முறையாக எழுதிக் கொடுத்தால் தையல்காரர் சரிசெய்துவிடுவார். பிழையை ஒழுங்காக எழுதவேண்டும் என்று சொன்னதே அண்ணன்தானே? விளையாட்டை அழித்துவிட்டு மறுபடி நிறுவினாள். கார்டை இயக்குகிற டிரைவர் மென்பொருளைப் பழசாக்கிப் பார்த்தாள், புதுசாக்கிப் பார்த்தாள். அன்றைக்கு எடுத்த படங்களையும், விளையாட்டு தனக்குத்தானே எழுதிவைக்கிற பதிவையும் சேர்த்து, எல்லோரும் பார்க்கிற பிழைப் பலகையில் போட்டாள். தலைப்பு: 'உடன் ஆடுபவரின் உடல் கட்டமாகத் தெரிகிறது.'

குழுவே தோள் கொடுத்தது. ஆளாளுக்கு ஜோடி சேர்ந்து ஆடிப் பார்த்தார்கள். யாருக்கும் கட்டம் வரவில்லை. அகப்படாத பிழைதான் மிக மோசமான பிழை என்று பேசிக்கொண்டார்கள். கொள்கைக்குன்று தன் பக்கத்துப் பதிவையும் அனுப்பினால் வசதியாக இருக்கும் என்று ஒருவர் எழுதினார். "வேலை அதிகம். தங்கச்சியோட கார்டு கோளாறுதான்" என்று அண்ணன் பதில் போட்டான். அதை நம்பித் தள்ளுபடி என்ன செய்தார் தெரியுமா? அவளிடம் இருக்கிற அதே பழைய கார்டைத் தேடிப் பிடித்து, பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிட்டார். வந்து சேர்ந்ததும் தன் கணினியில் மாட்டிப் பார்ப்பாராம். அண்ணன் அதையும் படித்தான். படித்ததற்கு அடையாளமாக ஒரு கட்டைவிரல் படம் போட்டுவிட்டுப் போனான்.

தையல்காரரின் செய்தி அவளுக்குத் தனியாக வந்தது. மதியச் சாப்பாட்டு இடைவேளை. கூடத்தின் பின்கட்டில், அச்சுகள் காய்கிற அடுக்குக்குப் பக்கத்தில் நின்று படித்தாள்.

"தங்கச்சி, இதைப் பொதுவில எழுத மனசு வரலை. இது பிழை இல்லை. உங்க பதிவுல ஒரு கோப்பு காணோம்னு வருது. எண்ணும் எழுத்துமா இருக்கிறதால உங்களுக்குப் புரிஞ்சிருக்காது. எனக்குத் தெரியும். அது மஞ்சள் மழைக்கோட்டு. வெளிக்கடல்ல கடைசி விளக்கை ஏத்தினவங்களுக்குக் கிடைக்கிற பரிசு. உங்க பதிப்புல அந்தக் கோட்டே இல்லை, அதனாலதான் கட்டம். உங்க அண்ணன் விண்டோஸ்ல இருந்துதான் உங்ககூட ஆடுறாரு. வெளிக்கடலை முடிச்சுட்டாரு. இதை என்ன பண்ணணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். முதலில் தையல்காரர் மேல்தான் கோபம் வந்தது. தன் வேலையின் ஓட்டையை மறைக்க அண்ணன் மேல் பழி போடுகிறார் என்று நினைத்தாள். பிறகு அந்தக் கொஞ்ச நேரத்து மௌனம் நினைவுக்கு வந்தது. பாதியில் போனதும், அடுத்த வாரம் வராததும், கட்டைவிரலும் வரிசையாக வந்து நின்றன. கடைசி விளக்கை ஒருவராக ஏற்ற முடியாது, அதற்கும் ஒரு கரை வேண்டும். அவனுக்குக் கயிறு வீசியது யார்?

மாலை வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் போன் செய்தாள். அண்ணிதான் எடுத்தாள்.

"உங்க அண்ணனா? உள்ள விளையாடிட்டு இருக்காரு. புது கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து மனுஷன் தரையிலேயே இல்லை. உனக்குத் தெரியாததா?" என்று அண்ணி வெள்ளந்தியாகச் சிரித்தாள். "அவங்க மேனேஜரோட ஏதோ கடல்லயே குடித்தனம். இரு, குடுக்கிறேன்."

"புது கம்ப்யூட்டர் எப்ப வந்துச்சு அண்ணி?"

"அதுவா, உங்க குழுவுல ஏதோ சத்தியம் எல்லாம் பண்ணீங்களே, அதுக்கு முன்னாடியே."

அண்ணன் போனை வாங்கினான். அவள் சுற்றி வளைக்கவில்லை. "மஞ்சள் மழைக்கோட்டு" என்றாள்.

அவன் மறுக்கவில்லை. அதுவரைக்கும் மரியாதை. "மேனேஜர் கூப்பிட்டாரு. மாட்டேன்னு சொல்ல முடியுமா? அதுவும் இல்லாம உண்மையைச் சொல்றேன், நம்ம பதிப்பு அடிக்கடி படுத்துக்குது. எனக்கும் வயசாகுது, ஒரு மணி நேரம் கிடைக்கிறதே பெரிசு."

"அப்ப எங்களை ஏன் சத்தியம் பண்ணச் சொன்னே?"

"ஒருத்தன் முன்னாடி நின்னாத்தானே மத்தவங்க நிப்பாங்க. போர்ட் பொழைக்கட்டும்னுதான்."

"தள்ளுபடி மாமா கார்டு வாங்கிட்டாரு. நீ பார்த்துட்டுத்தானே இருந்தே?"

"எனக்கு எப்படிம்மா தெரியும், அந்த மனுஷன் நிஜமாவே வாங்குவாருன்னு?" குரலைத் தணித்துக்கொண்டான். "இங்க பாரு. ஞாயித்துக்கிழமை நான் உனக்காகத்தான் வந்தேன். மேனேஜர் எத்தனையோ தடவை கூப்பிட்டும் அன்னைக்கு மட்டும் மாட்டேன்னுட்டேன். நீ ஒண்டியா இருக்கே, பாவமா இருந்துச்சு. அவசரத்துல கோட்டைக் கழட்ட மறந்துட்டேன், அவ்வளவுதான்."

பாவம் என்ற வார்த்தை காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இத்தனை காலமும் அவன் படகுக்கு அவள் விளக்குப் பிடிக்கிறாள் என்று நினைத்திருந்தாள். அவன் அவளுக்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருந்திருக்கிறான். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதில் அறுக்கிறவன் நமக்கு நல்லது செய்வதாக வேறு நினைத்துக்கொள்கிறான்.

"ஒரு உதவி பண்ணு" என்றான் அண்ணன். "அந்தப் புகாரை மூடிடு. உன் டிரைவர் கோளாறு, சரியாயிடுச்சுன்னு எழுதிடு. குழுவுல எனக்குன்னு ஒரு பேரு இருக்குல்ல. நான் சொன்னா நீ கேப்பே."

அவள் சரி என்றாள். சின்ன வயதிலிருந்து அவன் சொன்னதற்குச் சரி என்று சொல்லியே பழகிய வாய், தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

கணினியைத் திறந்து, 'கோளாறு என் பக்கம்தான். எல்லோரும் மன்னிக்கவும்' என்று அடித்தாள். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அப்போது பலகையில் தள்ளுபடியின் புதுச் செய்தி வந்து விழுந்தது. கார்டு வந்துவிட்டதாம். மாட்டத் தெரியாமல் பெட்டியை முழுக்கக் கழற்றிப்போட்டு, சாப்பாட்டு மேஜை பூராவும் திருகாணியாகக் கிடக்கிறதாம், மனைவி முறைக்கிறாளாம். கூடவே ஒரு படம். 'தங்கச்சி கவலைப்படாதீங்க. இந்த வாரம் முழுக்க எல்லா டிரைவரையும் போட்டுப் பார்த்துடறேன். உங்க கட்டத்தைக் கண்டுபிடிக்காம விடமாட்டேன்' என்று முடித்திருந்தார்.

அந்த மேஜையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தட்டு வைக்கிற இடத்தில் திருகாணிகள். அண்ணனுக்காகப் பொய் சொல்ல அவளால் முடியும். ஆனால் இந்த மனிதரை மன்னிப்புக் கேட்டு வாயடைக்க முடியவில்லை. அடித்ததை அழித்தாள். அண்ணனைத் திட்டி எழுதலாமா என்று நினைத்தாள், எழுதினாள், அதையும் அழித்தாள். கடைசியில் ஒரே வரி போட்டாள்: 'படத்தில் இருப்பது வெளிக்கடலின் மஞ்சள் மழைக்கோட்டு. பிழை இல்லை.' புகாரைத் தன் கையால் மூடினாள். அனுப்பிவிட்டுத்தான் அழுதாள். நன்றாக, சத்தமாக, கேட்பதற்கு ஆள் இல்லாத வீட்டில் அழுவது போல அழுதாள்.

குழுவில் யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஒவ்வொருவராகக் கொள்கைக்குன்று என்ற பெயரைத் தங்கள் நண்பர் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். ஒருசிலர் வெளிக்கடலை வாங்கி, விண்டோஸ் பதிப்பையே தந்திரமாக ஓட்டத் தொடங்கினார்கள். குன்றே போய்விட்டது, நாம் யாருக்காகக் காத்திருப்பது என்று கேட்டார்கள். தள்ளுபடி மட்டும் எழுதினார்: 'கார்டை மாட்டியாச்சு. நல்லாத்தான் ஓடுது. கழட்ட மனசு வரலைம்மா, இருக்கட்டும்.'

பருவம் முடிந்தது. நிறுவனம் நாகரிகமாக நாலு வரி எழுதிக் கையைக் கழுவிக்கொண்டது. லினக்ஸில் ஆடுகிறவர்கள் எதிர்பார்த்த அளவுக்கு இல்லையாம். வெளிக்கடல் வராது. இருக்கிற பதிப்பு இந்த வாரத்தோடு சரி, அதற்குப் பிறகு மற்றவர்களோடு சேர்ந்து ஆட முடியாது. தையல்காரருக்கு வேறு வேலை கிடைத்துவிட்டதாகச் சொன்னார்கள்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கரையில் விளக்கை ஏற்றிவிட்டு நின்றாள். யாருக்காக என்று தெரியாது, பழக்கம். வெகு நேரம் கழித்துத் தூரத்தில் ஒரு படகு தெரிந்தது. அண்ணன். பழைய பழுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். கட்டம் இல்லை. தொப்பி, முகம், கோட்டின் பித்தான்கள், கைமுட்டியில் இருக்கிற ஒட்டுத்துணி எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. இந்தக் காட்சியைத் திரையில் வரவழைக்கத்தான் அத்தனை மாலைகளும் மணிக்கட்டு தெறிக்கத் தெறிக்க உட்கார்ந்தாள்.

படகு நெருங்கி வந்ததும் அவன் கையை ஆட்டினான். குரலில் ஒன்றுமே நடக்காத பாவனை. "பார்த்தியா, சரியாயிடுச்சு. கயிறை வீசு."

அவள் விரல் பொத்தானுக்குப் போய் நின்றது.

"தங்கச்சி, காது கேக்குதா? அலை அதிகமா இருக்கு."

கயிறு அவள் கையில் இருந்தது. ஒரே ஒரு பொத்தான்தான். அண்ணன் மேல் இருந்த பாசம் எங்கேயும் போய்விடவில்லை. அதுதான் அவளை வதைத்தது. போயிருந்தால் சுலபமாக வீசியிருப்பாள், ஊர் பேர் தெரியாத படகுக்காரர்களுக்கெல்லாம் வீசியவள்தானே. விரலைப் பொத்தானிலிருந்து எடுத்து, வலிக்கிற மணிக்கட்டை மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள். படகு ஒருமுறை கரையில் இடித்தது, விலகியது, பக்கவாட்டில் திரும்பி மெதுவாக வெளியே போகத் தொடங்கியது. அவன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். குழுவில் ஒருவருக்கும் தெரியாத, வீட்டில் கூப்பிடுகிற பெயர். பழுப்புக் கோட்டு கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் அவள் விளக்கை அணைக்காமல் நின்றாள்.